உறுதி எங்கே, அங்கிள்?

லண்டனில் வீடும் கடையும் வைத்திருக்கும் அண்ணைமாருக்கும் அக்காமாருக்கும், அங்கிள்மாருக்கும் அன்ரிமாருக்கும்,

சொத்துத் தகராறு வழக்குகள் பார்ப்பது என் தொழில். வீடு வாங்கும்போது பேப்பர் வேலை செய்கிற சொலிசிற்றர் வேறு. வாங்கிப் பத்துப் பதினைந்து வருசம் போய், கதைபேச்சு நின்று, ஒருவருடைய போனை மற்றவர் எடுக்காமல் விட்ட பிறகு தேடப்படுகிற சொலிசிற்றர் நான். கலியாண வீடுகளில் என்னைக் கண்டால் ஸ்டாம்ப் டியூட்டி எவ்வளவு வரும் என்று கேட்பீர்கள். அது என் பகுதி அல்ல. சாப்பாடு முடிந்து, கார் நிற்கிற இடம் வரைக்கும் கூடவே நடந்து வந்து, "பிள்ளை, சும்மா ஒரு விசயம் கேக்கலாமோ?" என்று தொடங்குவீர்களே, அதுதான் என் பகுதி. அந்தச் சும்மாவுக்குள் அனேகமாக ஒரு முழு வீடு இருக்கும்.

இந்த மடலில் நான் உங்களிடம் கேட்கப்போவது ஒன்றே ஒன்றுதான். ஊரில் அரைப் பரப்புக் காணி என்றாலும் உறுதி இல்லாமல் நாங்கள் வாங்குவதில்லை. காணி கைமாறுவதென்றால் எழுத்தும் நொத்தாரிசும் இரண்டு சாட்சியும் வேண்டும் என்று சொல்கிற 1840 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயர் தெரியாவிட்டாலும், அதன் சாரம் எங்கள் அப்பாச்சிமாருக்குத் தெரியும். நாலு எல்லையும் எழுதி, கிணற்றுப் பங்கு எழுதி, வழிவாய்க்கால் எழுதி, அதற்குப் பிறகும் தோம்பைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் காசை எண்ணுவார்கள். கதியாலை அரை அடி தள்ளி நட்டதற்காக வருசக்கணக்காகக் கோட்டுக்கு நடந்த சனம் நாங்கள். அதே சனம் ஈஸ்ட்ஹாமிலும் ஹரோவிலும் அறுபதாயிரம் பவுண்டை ஒரு தேத்தண்ணியோடு வாய்ச் சொல்லில் கொடுத்துவிட்டு, "அவன் என்ர சொந்த மச்சான், அவனிட்டயும் கையெழுத்துக் கேக்கிறதோ?" என்கிறது. ஊரில் அண்ணன் தம்பிக்குள்ளும் உறுதி எழுதினோம். அப்போது யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தப் பழக்கம் எந்த விமான நிலையத்தில் தவறிப் போனது?

ஏன் இப்படி ஆனது என்று எனக்கு விளங்காமல் இல்லை. தொண்ணூறுகளில் வந்தவர்களில் பலருக்கு விசா முடிவு வருசக்கணக்கில் இழுபட்டது. பெற்றோல் ஸ்டேஷனில் இரவு வேலை, பகலில் இன்னொரு வேலை, கையில் காசு இருந்தது; வங்கிக்குக் காட்டச் சம்பளச் சீட்டு இல்லை. முன்னமே வந்து குடியுரிமை எடுத்த ஒருவருடைய பெயரில் வீடு. முற்பணம் இவருடைய சீட்டுக் காசு. மாதக் கட்டுக்காசு இவர் கொடுக்க, அவருடைய வங்கிக் கணக்கிலிருந்து போகும். "பேப்பர் கிடைச்ச உடன மாத்துவம்." பேப்பர் கிடைத்தது. பிறகு பிள்ளை பிறந்தது, கடை எடுத்தது, அம்மாவைக் கூப்பிட்டது என்று நாள் போய்விட்டது. வீட்டின் விலை நாலைந்து மடங்கானது. பெயருக்கு உரியவர் செத்துப்போகலாம், விவாகரத்தாகலாம், கடனில் முறியலாம். அவர் நல்லவராகவே இருந்திருக்கலாம். அவருடைய மனைவியின் சொலிசிற்றருக்கு அது தேவையில்லாத தகவல்.

இங்கே சட்டம் எங்கிருந்து தொடங்குகிறது என்றால், நிலப் பதிவகத்தில் யார் பெயரோ அவருடைய வீடு. இல்லை, உண்மையில் எனக்கும் பங்குண்டு என்று சொல்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும். 1925 ஆம் ஆண்டுச் சொத்துச் சட்டம், இன்னொருவருக்காக வைத்திருக்கிறேன் என்ற அறிவிப்பு கையெழுத்தோடு எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. எழுதாமல் விட்டவர்களுக்கும் ஒரு வாசல் திறந்து வைத்திருக்கிறது: இருவருக்கும் பொதுவான எண்ணம் ஒன்று இருந்தது, அதை நம்பி நான் காசும் உழைப்பும் போட்டேன் என்று நடத்தையிலிருந்து காட்டலாம். அந்த வாசலுக்குள் ஆட்களைக் கூட்டிப் போவதுதான் என் உழைப்பில் பெரும்பகுதி. அது ஒடுங்கிய வாசல்.

ஜோன்ஸ் எதிர் கேர்னட் வழக்கைப் பாருங்கள். எசெக்ஸில் தண்டர்ஸ்லி என்ற இடத்தில் ஒரு சோடி 1985 இல் 30,000 பவுண்டுக்கு வீடு வாங்கியது, இருவர் பெயரிலும். 1993 இல் ஆண் வெளியேறினார். அதன்பிறகு கட்டுக்காசும் திருத்த வேலையும் பிள்ளைகளின் செலவும் பெரும்பாலும் பெண் தலையில். வருசங்கள் கழித்து ஆண் தன் பாதியைக் கேட்டார். கீழ் நீதிமன்றம், மேல் நீதிமன்றம், அதற்கும் மேல் என்று ஏறி, 2011 இல் உச்ச நீதிமன்றம் பெண்ணுக்கு 90 வீதம், ஆணுக்கு 10 வீதம் என்று முடித்தது. நியாயமான முடிவு என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அது இருவர் பெயரிலும் இருந்த வீடு. ஒற்றைப் பெயரில், அதுவும் உங்கள் பெயர் இல்லாமல் இருந்தால், நீங்கள் தொடங்கும் இடம் சைபர்.

ஆதாரம் என்று என் மேசைக்கு என்ன வருகிறது தெரியுமா? வங்கிகள் பழைய கணக்குக் கூற்றுகளை என்றென்றைக்கும் வைத்திருப்பதில்லை. எனவே சீ.ஆர். கொப்பி வரும். பழைய சீட்டுக் கணக்கு, மூலை மடிந்து, எண்ணெய் பட்ட கொப்பி. ஒரு வரியில் "மாமா 2", அதற்குக் கீழே "வீடு 5". அந்த ஐந்து, ஐந்நூறா ஐயாயிரமா என்று எதிர்ப்பக்கத்து பாரிஸ்டர் அரை மணித்தியாலம் கேட்பார். அதுவும் மிக மரியாதையாகக் கேட்பார். மாமா உயிரோடு இருந்தால் அவரைச் சாட்சியாகக் கூப்பிடலாம். அவர் எந்தப் பக்கம் சொல்வார் என்பது போன வருசத்துக் கலியாணத்துக்கு அவரை யார் கூப்பிட்டார்கள் என்பதைப் பொறுத்தது.

ஆங்கிலம் வராத அம்மாமாரின் சாட்சியத்தைத் தமிழிலேயே எழுதவேண்டும் என்பது நீதிமன்ற விதி, அதன்பிறகுதான் மொழிபெயர்ப்பு. இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்த வேலை அது. அவர்களுக்குத் திகதி தெரியாது, ஆனால் நாள் தெரியும். "சின்னவளுக்கு முப்பத்தொண்டு கழிஞ்ச அடுத்த நாள் காசு குடுத்தனான்" என்பார் ஒருவர். பிறப்புச் சான்றிதழை எடுத்து முப்பத்தொரு நாள் கூட்டிப் பார்த்தால், சிலவேளை வங்கியில் அதே கிழமை ஒரு தொகை விழுந்திருக்கும். அப்படிப் பொருந்துகிற நாளில் நான் மத்தியானம் நிம்மதியாகச் சாப்பிடுவேன். பொருந்தாத நாட்கள்தான் கூட.

இதிலே மிகவும் கொடுமையான கடதாசி ஒன்று இருக்கிறது. வங்கி கடன் கொடுக்கும்போது, அந்த வீட்டில் பெயர் இல்லாமல் குடியிருக்கப்போகும் வளர்ந்தவர்களிடம் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கும். எனக்கு இந்த வீட்டில் ஏதும் உரிமை இருந்தால் அது வங்கியின் உரிமைக்குப் பின்னால்தான் என்பது அதன் பொருள். முற்பணம் முழுவதும் போட்டவர் தன் வாழ்க்கையில் அந்த வீட்டைப் பற்றி வைத்த ஒரே கையெழுத்து அதுவாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

செய்யவேண்டியது சின்ன வேலை. வாங்குகிற அன்றே, யார் எவ்வளவு போட்டார், யாருக்கு எத்தனை பங்கு என்று ஒரு நம்பிக்கைப் பத்திரம் எழுதுங்கள். கைமாற்றுப் படிவத்தில் பங்கைக் குறிப்பதற்கென்றே ஒரு பெட்டி இருக்கிறது. அதை வெறுமையாக விடாதீர்கள். பதிவகத்தில் ஒரு கட்டுப்பாட்டைப் பதிந்தால், பெயருக்கு உரியவர் தனியாக விற்றுவிட்டுப் போவது சுலபமல்ல. இரண்டு பேர் பெயரில் வாங்கினாலும், எந்த வகைக் கூட்டு என்று கேளுங்கள். ஒரு வகையில், ஒருவர் இறந்தால் வீடு முழுவதும் மற்றவருக்குப் போகும். மரண சாசனத்தில் பிள்ளைகளுக்கு என்று எழுதி வைத்தாலும் அந்த வரி வேலை செய்யாது. அப்பாவும் மூத்த மகனும் சேர்ந்து வாங்கிய வீட்டில் மற்ற இரண்டு பிள்ளைகள் என்னிடம் வருவது பெரும்பாலும் இதனால்தான். இன்னொன்று: வங்கிக்கு உண்மையைச் சொல்லிச் செய்ய முடியாத ஒழுங்கு என்றால், அதைச் செய்யாதீர்கள். பிறகு நீதிமன்றத்தில் உங்கள் உரிமையை நிரூபிக்க நீங்கள் சொல்லவேண்டிய முதல் வசனமே, வங்கிக்குப் பொய் சொன்னோம் என்பதாகிவிடும்.

கடைக்காரர்களே, உங்கள் பக்கம் வருகிறேன். கடை விற்பது எப்படி நடக்கிறது என்று நீங்கள் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஸ்டொக் எண்ணி, குட்வில்லுக்கு ஒரு தொகை பேசி, திறப்பைக் கொடுப்பீர்கள். லீஸ் அப்படியே பழையவர் பெயரில் கிடக்கும்; கட்டிடக்காரருக்குச் சொன்னால் வாடகையைக் கூட்டுவான் என்ற பயம். புதியவர் வாடகையைப் பழையவரின் கணக்குக்குப் போட, பழையவர் கட்டிடக்காரருக்குப் போடுவார். இரண்டு வருசம் ஒழுங்காக ஓடும். பிறகு ஒரு காலாண்டு தவறும். பெரும்பாலான லீஸ்களில் வாடகை இரண்டு மூன்று கிழமை பிந்தினாலே லீஸை முறிக்கக் கட்டிடக்காரருக்கு உரிமை எழுதியிருக்கும். கடை என்றால் அதற்கு நீதிமன்றம் போகத் தேவையில்லை. உள்ளே ஆள் நின்று எதிர்த்தால் பலவந்தம் பாவிப்பது குற்றம் என்பதால், ஆள் இல்லாத விடியப்புறத்தில் பூட்டுக்காரரோடு வருவார்கள். நீங்கள் ஆறு மணிக்குப் பால் வண்டியை எதிர்பார்த்து வந்தால், ஷட்டரில் புதுப் பூட்டும் கண்ணாடியில் ஒரு அறிவித்தலும் இருக்கும். உள்ளே ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம் கேட்கும், லொட்டரி மெஷினின் வெளிச்சம் தெரியும், போக முடியாது.

இதிலிருந்து மீட்பு உண்டு. பாக்கியையும் செலவையும் கட்டி, கெதியாக நீதிமன்றம் போனால் லீஸைத் திருப்பி எடுக்கலாம். ஆனால் போகவேண்டியவர் லீஸில் பெயர் உள்ளவர், அதாவது கடையை விற்றுவிட்டு மில்டன் கீன்ஸுக்கு வீடு மாறிப் போனவர். காசு போட்டு வாங்கியவரைக் கட்டிடக்காரருக்கு யாரென்றே தெரியாது. பழையவரும் தப்ப முடியாது: லீஸ் அவர் பெயரில் இருக்கும்வரை வாடகைப் பாக்கி அவர் கடன். முறைப்படி அனுமதி எடுத்து மாற்றினாலும், அடுத்தவருக்கு உத்தரவாதம் நிற்கச் சொல்லிக் கட்டிடக்காரர் கேட்பது இங்கே வழக்கம். அந்தப் பத்திரத்தை வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

கடைக்காரர்களுக்கு 1954 ஆம் ஆண்டின் சட்டம் பெரிய பாதுகாப்பு. லீஸ் முடிந்தாலும் புதுப்பித்துக் கேட்கும் உரிமையை அது தருகிறது. கட்டிடக்காரர் மறுப்பதென்றால் சட்டம் சொல்லும் காரணம் ஒன்றைக் காட்டவேண்டும். கட்டிடத்தை இடித்துக் கட்டப்போகிறேன், நானே கடை போடப்போகிறேன் போன்ற காரணங்களுக்கு நட்டஈடும் உண்டு. 14 வருசம் அதே வியாபாரம் நடந்திருந்தால் அது இரட்டிப்பு. அதனால்தான் புது லீஸ் தரும்போதே இந்தச் சட்டத்துக்கு வெளியே வைக்கப் பார்ப்பார்கள். அவசரமாகக் கைச்சாத்திட வேண்டுமென்றால், உங்களைப் பக்கத்துத் தெருவில் ஏதாவதொரு சொலிசிற்றரிடம் போய் ஒரு சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டு வரச் சொல்வார்கள். அந்தச் சத்தியத்துக்குக் கட்டணம் 5 பவுண்டு, இணைப்புக்கு 2 பவுண்டு. வாழ்நாள் வியாபாரத்தின் பாதுகாப்பை ஏழு பவுண்டுக்கு விட்டுவிட்டு வந்து, "ஏதோ ஒரு ஃபோர்ம், கையெழுத்து வச்சனான்" என்று சொன்னவர்களின் பட்டியல் என்னிடம் நீளமானது. வெளியே வைத்த லீஸை எடுப்பது பிழை என்று நான் சொல்லவில்லை. சிலவேளை அதுதான் கிடைக்கும். விலையைக் குறைத்துப் பேசிவிட்டு எடுங்கள்.

புதுப்பிக்கும் உரிமை உள்ளவர்களுக்கு வருகிற ஆபத்து திகதி. கட்டிடக்காரர் தரும் 25 ஆம் பிரிவு நோட்டிசில் ஒரு முடிவுத் திகதி இருக்கும், ஆறு மாதத்துக்கும் பன்னிரண்டு மாதத்துக்கும் இடையில். அந்தத் திகதிக்கு முன் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்க வேண்டும், அல்லது தவணையை நீட்டுவதற்கு எழுத்தில் உடன்பட வேண்டும். கட்டிடக்காரரின் ஏஜென்ட் "கதைச்சுக்கொண்டுதானே இருக்கிறம், அவசரமில்லை" என்று போனில் சொல்வார். மிக நல்ல மனிதராக இருப்பார். அந்த நாள் போனால் உரிமையும் போய்விடும். அதை நீதிபதியாலும் திருப்பித் தர முடியாது.

வீடு வாடகைக்கு விடுகிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் இதை நீங்கள் ஏற்கெனவே பத்திரிகைகளில் கண்டிருப்பீர்கள். 2026 மே 1 தொடங்கி, இங்கிலாந்தில் காரணம் சொல்லாமல் எழுப்புகிற 21 ஆம் பிரிவு நோட்டிஸ் தனியார் வாடகை வீடுகளுக்கு இல்லை. நீங்களோ பிள்ளையோ குடிவரவேண்டும், அல்லது விற்கவேண்டும் என்றால் நான்கு மாத நோட்டிஸ். வாடகை தொடங்கிய முதல் வருசத்துக்குள் அந்தக் காரணத்தில் எழுப்ப முடியாது. குடியிருப்பவரிடம் வாங்கிய முற்பணத்தை 30 நாளுக்குள் அங்கீகரிக்கப்பட்ட திட்டத்தில் பாதுகாக்காவிட்டால், அதே தொகையிலிருந்து மூன்று மடங்குவரை தண்டம். ஊரில் சித்தப்பாவின் சினேகிதர் மகனுக்குத்தானே அறை கொடுத்தேன் என்பது பதில் அல்ல. கடைக்கும் வீட்டுக்கும் உள்ள வித்தியாசத்தையும் மறவாதீர்கள்: குடியிருப்பவரை வெளியே விட்டுப் பூட்டை மாற்றினால் அது 1977 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், பொலிஸ் வரும்.

பெண்களிடம் தனியாக ஒன்று. கணவரின் கடைக் கடனுக்கு வீட்டை ஈடு வைக்கும்போது, நீங்கள் ஒரு சொலிசிற்றரைத் தனியாகச் சந்திக்கவேண்டும் என்று 2001 இல் பிரபுக்கள் சபை எட்ரிட்ஜ் வழக்கில் வகுத்தது. கணவர் அறைக்கு வெளியே. "அவவுக்கு இங்கிலீஸ் விளங்காது, நான் சொல்லிவிடுறன்" என்று சொல்கிற அண்ணைமாரை வெளியே அனுப்புவது முரட்டுத்தனம் அல்ல, அது சட்டம். கதவு சாத்தின பிறகு சில அக்காமார் முதன்முதலாகக் கேட்பார்கள்: "கடை நட்டப்பட்டா வீடு போகுமோ?" போகும். அதைத் தமிழில் சொல்வதற்குத்தான் அந்தச் சந்திப்பு. வேண்டாமென்றால் வேண்டாமென்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. மேசையின் மறுபக்கம் இருக்கிறவர் அவசரப்படுத்தினால் வேறு சொலிசிற்றரைத் தேடுங்கள்.

சண்டை வந்துவிட்டால்? எங்கள் கட்டணம் பெரும்பாலும் ஆறு நிமிசத்துக்கு ஒரு அலகு என்ற கணக்கில் ஓடும். நீங்கள் இரவு பதினொரு மணிக்கு அனுப்புகிற நாலு வொய்ஸ் மெசேஜையும் கேட்க எனக்கு அலகு உண்டு. தோற்றவர் வென்றவரின் செலவையும் கொடுப்பது இங்கே பொது விதி; வென்றவருக்கும் முழுச் செலவு திரும்பி வருவது அரிது. செல்சிப் பக்கத்து அடுக்குமாடி ஒன்றில் மேல் வீட்டார் மரத் தரை போட்டதால் கீழ் வீட்டாருக்குச் சத்தம் என்று போன ஃபைடி வழக்கில், இரண்டு பக்கச் செலவும் சேர்ந்து 140,000 பவுண்டைத் தாண்டியது. 2012 இல் மேன்முறையீட்டு நீதிபதிகளே சலித்துப்போய், இதையெல்லாம் சமரசத்தில் முடித்திருக்க வேண்டாமா என்று கேட்டார்கள். மதில், வேலி, எக்ஸ்டென்ஷன் சண்டைக்காரர்கள் இதை இரண்டு தரம் வாசிக்கவும். பதிவகத்தின் வரைபடத்தில் உள்ள சிவப்புக் கோடு பொதுவான எல்லையைத்தான் காட்டும். நீங்கள் அடிமட்டம் வைத்து அளக்கிற மூன்று அங்குலம் அந்தக் கோட்டின் தடிப்புக்குள்ளேயே அடங்கிவிடும்.

கோயில் பெரியவரையோ தாய்மாமனையோ வைத்துச் சமாதானம் பேசுங்கள். அதை நான் பகிடியாகச் சொல்லவில்லை. சமரச முயற்சிக்குப் போகும்படி கட்டளையிட நீதிமன்றத்துக்கே அதிகாரம் உண்டு என்று 2023 இல் தீர்ப்பாகியிருக்கிறது. தாய்மாமன் எனக்கு முன்னால் அந்த வேலையைச் செய்தால் எனக்குச் சந்தோசம். ஆனால் முடிவைத் தேத்தண்ணியோடு விட்டுவிட்டு எழும்பாதீர்கள். 1989 ஆம் ஆண்டிலிருந்து, காணி வீடு சம்பந்தமான ஒப்பந்தம் எழுத்தில் இருந்து இரு பக்கமும் கையெழுத்திடாவிட்டால் ஒப்பந்தமாகவே நிற்காது. அத்தனை பெரியவர்களும் கூடிப் பேசி முடித்தது, ஒருவர் மனம் மாறினால் காற்றோடு போகும்.

கடைசியாக, என்னைப் போன்ற ஒருவரிடம் வரும்போது என்ன கொண்டுவருவது என்று கேட்கிறீர்கள். பழைய போனை எறியாதீர்கள். வாட்ஸ்அப்பில் அண்ணை போட்ட ஒரு பெருவிரல் படம்கூட, "வீட்டுக்காசு அனுப்பிட்டன்" என்ற உங்கள் செய்திக்குக் கீழே இருந்தால், எனக்குப் பத்துச் சாட்சிக்குச் சமம். உங்களுக்குப் பாதகமான செய்திகளையும் அழிக்காதீர்கள். எதிர்ப்பக்கத்துக்குக் காட்டவேண்டிய கடமை உங்களுக்கு உண்டு, அழித்தது தெரிந்தால் நிலைமை இன்னும் மோசம். நோட்டிஸ் வந்த கவரை நோட்டிசோடு சேர்த்துக் கொண்டுவாருங்கள், தபால் முத்திரைத் திகதி எனக்கு வேண்டும். மச்சானைக் கூட்டிவராதீர்கள். அவர் நல்லவர்தான், கார் ஓட்டுவார், ஆங்கிலம் நன்றாகப் பேசுவார். ஆனால் நாளைக்கு அவரே சாட்சியாகலாம், அல்லது எதிர்ப்பக்கத்து ஆளாகலாம். அவர் வரவேற்பறையில் இருந்து பேப்பர் பார்க்கட்டும். இரண்டு அண்ணன் தம்பி சேர்ந்து ஒரே சொலிசிற்றரிடம் வந்து, "நீங்களே எங்கள் ரண்டு பேருக்கும் பாத்து முடியுங்கோ" என்றாலும் எங்களால் முடியாது. ஒருவர் வேறு ஆளைப் பிடிக்கவேண்டும்.

இன்னும் சண்டை வராதவர்கள் இந்தச் சனிக்கிழமை உங்கள் வீட்டின் பதிவுப் பிரதியை எடுத்துப் பாருங்கள். இணையத்தில் சில பவுண்டு. அதிலே இருக்கிற பெயர் நீங்கள் நினைக்கிற பெயர்தானா என்று பாருங்கள். இல்லையென்றால், அந்தப் பெயருக்கு உரியவரோடு நீங்கள் இன்னும் கதைத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு நாளைக் குறியுங்கள். சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள். சாப்பாட்டுக்கு முன்னமே கடதாசியை மேசையில் வையுங்கள்.

இப்படிக்கு,
லண்டனில் சொத்து வழக்குகள் பார்க்கும் உங்களில் ஒருத்தி